ஆறு மாதம் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால்

போன சித்திரை வருடப்பிறப்பன்று அக்கா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்திருந்த நேரம், அக்காவின் மகள் என் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "சித்தி, சாவணம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். வயது 17. ஏ.எல். படிக்கிறாள். கேட்கும்போது ஒரு கை நாடியை மறைத்தபடியே இருந்தது.

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். 15 வயதிலிருந்து 27 வயது வரை நானும் அப்படித்தான், நாடியில் வளர்ந்த முடியை மறைக்கக் கை வைத்துக்கொண்டு ஆட்களோடு கதைத்தேன். அவளுக்கு அன்றைக்கும் பிறகும் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்த வயதில் இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

என் ஊர் தம்பலகாமம். அப்பாவுக்கு வயல். எனக்கு வேலை திருகோணமலை டவுனில், தபாற்கந்தோர் கவுண்டரில். என் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் இருந்தது. காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை வெயில் நேராக முகத்தில் விழும். முத்திரை வாங்க வருகிறவர்கள் என் கையைப் பார்க்கிறார்களா, நாடியைப் பார்க்கிறார்களா என்று அந்த இரண்டு மணித்தியாலமும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். பின்னேரம் வந்தால்தான் மூச்சு வரும். விடியக்காலை நாலரைக்கு எழும்பி, வீட்டில் மற்றவர்கள் எழும்ப முதல், குளியலறை மின்குமிழின் கீழே சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். பிடுங்கப் பிடுங்க நாடி முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புக் குழிகள். சில முடி தோலுக்கு உள்ளேயே வளைந்து வளர்ந்து சீழ் பிடிக்கும். முடியை மறைக்கப் போய் மறைக்க முடியாத தழும்பைச் சம்பாதித்தேன்.

மேலுதட்டில் பூனைமயிர் எல்லாருக்கும் உண்டு. எனக்கு வந்தது அது இல்லை. நாடியிலும் தொப்புளுக்குக் கீழேயும் நெஞ்சின் நடுவிலும் கறுத்து, தடித்து, ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி வந்தது. மாதசுகமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில நேரம் நாலு மாதத்துக்கு ஒருமுறை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முடிக்குக் கஸ்தூரி மஞ்சளும் பயற்றம்மாவும் பூசினேன். மாதசுகம் பிந்தினால் அம்மா எள்ளுருண்டை தருவா. இரண்டும் வெவ்வேறு வருத்தம் என்றே நினைத்தோம்.

22 வயதில் முதன்முதலாக ஒரு டொக்டரிடம் போனேன். ஸ்கான் எடுத்து, பி.சி.ஓ.எஸ். என்கிற சூலக, ஹோர்மோன் வருத்தம் என்று சொல்லி, குளிசை எழுதித் தந்தார். "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்றும் சொன்னார். மூன்று மாதம் குடித்தேன். மாதசுகம் கிரமமாக வந்தது. முடி அப்படியே இருந்தது. இந்தக் குளிசை எனக்கு வேலை செய்யவில்லை என்று முடிவெடுத்து நிறுத்திவிட்டேன். அந்த ஒரு முடிவால் ஐந்து வருடம் போனது.

27 வயதில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனபோது, மூன்று மாதத்தில் நிறுத்திய கதையைச் சொன்னேன். டொக்டர் சிங்களம். தாதி ஒருவர் தமிழில் சொல்லித் தந்தா. டொக்டர் சொன்னதன் சாரம் இதுதான்: ஏற்கெனவே முளைத்து நிற்கிற முடியை மருந்து விழுத்தாது. அந்த முடி தன் காலம் முடிந்து உதிர்ந்த பிறகு, அதே வேரிலிருந்து அடுத்து வருகிற முடியைத்தான் மருந்து மெலிதாக்கும். அதற்கு ஆகக் குறைந்தது 6 மாதம் வேண்டும். முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகும். மூன்றாம் மாதம் கண்ணாடியைப் பார்த்து அழுவதில் பயனில்லை.

தாதி அதைச் சொல்லி முடிக்கும்போதே எனக்கு அப்பாவின் வயல் ஞாபகம் வந்தது. இந்தப் போகம் விதைத்தது முளைத்தாயிற்று. இப்போது செய்கிற வேலை எல்லாம் அடுத்த போகத்துக்குத்தான். இதை 22 வயதில் ஒருவர் சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். மருந்து தருகிறவர்கள் இந்த ஒரு வசனத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அந்த முதல் நாள் கிளினிக்கில் நான் ஒரு பிழை செய்தேன். டொக்டரிடம் போகிறோமே என்று வெட்கப்பட்டு, அதற்கு முந்தின நாள்தான் முகத்துக்கு நூல் பிடித்து வழித்துத் துடைத்த மாதிரிப் போயிருந்தேன். அவருக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. உடம்பில் ஒன்பது இடங்களை, அதாவது மேலுதடு, நாடி, நெஞ்சு, மேல்வயிறு, கீழ்வயிறு, மேல்முதுகு, இடுப்பு, மேற்கை, தொடை என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போடுகிற ஒரு முறை இருக்கிறது. 1961இல் பெரிமன், கால்வே என்ற இருவர் கொண்டுவந்தது, பிறகு திருத்தப்பட்டது. மொத்தம் 36. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பெண்களின் கணக்கோடு ஒத்துப்போகாது. 4 முதல் 6 வந்தாலே இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு கிழமை ஒன்றும் செய்யாமல் வரச் சொன்னார். அந்த நான்கு கிழமையும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கவுண்டரில் இருந்தேன். தடிமன் என்று சொன்னேன். எனக்கு 14 வந்தது.

இதுவரை அசிங்கம் என்று நான் நினைத்திருந்த ஒன்றை ஒருவர் நிதானமாகப் பார்த்து, கொப்பியில் ஓர் எண்ணாக எழுதினார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். கவலையில் இல்லை.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். கடைசி ஆறு மாதசுகத் திகதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடியை அகற்றிவிட்டுப் போவதாக இருந்தால் அகற்ற முதல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தடைக் குளிசை ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஹோர்மோன் இரத்தப் பரிசோதனையின் முடிவை அது மாற்றிவிடும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமான விசயங்களையும் எழுதிக் கொண்டுபோவது நல்லது. மொழிபெயர்க்க ஒருவர் நடுவில் நிற்கும்போது நாக்கு எழும்பாது. எனக்கு எழும்பவில்லை.

இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன், தைரொயிட், புரொலக்டின் எல்லாம் பார்த்தார்கள். குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தின் பிறகு சுகரும் பார்த்தார்கள். அப்பாவுக்கு நீரிழிவு என்பதால் அதில் டொக்டர் கூடுதல் கவனம் எடுத்தார். காரணம் பிறகுதான் விளங்கியது. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காது. அதனால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சூலகத்தைத் தூண்டி டெஸ்டோஸ்டெரோனைக் கூட்டும். டெஸ்டோஸ்டெரோன் ஆம்பிளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். எல்லாப் பெண்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கட்டிவைக்கிற ஒரு புரதத்தையும் இன்சுலின் குறைத்துவிடும். கட்டில்லாமல் திரிகிற ஹோர்மோன் முடி வேருக்குப் போய், அங்கே இன்னும் வலுவான ஒன்றாக மாறி, பூனைமயிரைக் கருமுடியாக்குகிறது. சூலகத்தில் 'கட்டி' என்று ஸ்கானில் சொல்கிறவையும் உண்மையில் கட்டி இல்லை. முற்றாமல் நின்றுபோன சின்ன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய ஒன்று உள்ளே இருக்கிறதென்று அம்மா வருடக்கணக்காகப் பயந்திருந்தா.

இனிக் குளிசைக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தந்தது ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்பதும் சேர்ந்த குளிசை. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கிற அதே குளிசைதான். அது சூலகத்தின் டெஸ்டோஸ்டெரோனைக் குறைக்கும், நான் மேலே சொன்ன கட்டிவைக்கிற புரதத்தைக் கூட்டும். முகத்து முடிக்கு முதலில் கொடுக்கிற மருந்து பெரும்பாலும் இதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையணை உறை மாற்ற வந்த அம்மா, லாச்சிக்குள் அந்த அட்டையைக் கண்டுவிட்டா. மருத்துவிச்சி அம்மா ஊரில் கலியாணம் கட்டிய பெண்களுக்குக் கொடுக்கிற அட்டை மாதிரியே இருக்கிறது, வேறு என்ன நினைப்பா? அட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் இருந்தா. "இது என்ன பிள்ளை?" என்று மட்டும் கேட்டா. கோபம் இல்லை. பயம். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினாவே தவிர நம்பவில்லை. அடுத்த நாள் அட்டையைக் காணவில்லை.

நான் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த கிளினிக் திகதிக்கு அம்மாவையும் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். அதே தாதியிடம், "அம்மாவுக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ மிஸ்" என்றேன். அவ கொப்பியைத் திறந்து, சுகர் அறிக்கையைக் காட்டி, "அம்மா, இது பிள்ளைக்கு வருத்தத்துக்கு எடுக்கிற மருந்து. மாதசுகம் வராமலே விட்டால் கருப்பையின் உட்தோல் தடித்து, பிறகு வேறு பிரச்சினைக்குப் போகும்" என்று விளங்கப்படுத்தினா. அம்மா வரும் வழியெல்லாம் ஒன்றும் கதைக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பையில் தண்ணீரும், காணாமல் போன அட்டையும் என் மேசையில் இருந்தன. அதன் பிறகு, "குளிசை போட்டியா?" என்று அம்மாதான் தினமும் கேட்பா. வீட்டுக்கு ஒளித்துக் குளிசை குடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் சொல்லி நம்பாததை வெள்ளை உடுப்புப் போட்டவர் சொன்னால் நம்புவார்கள்.

இந்தக் குளிசையைப் பார்மசியில் கேட்டு நீங்களாகவே தொடங்கக் கூடாது. கண்ணுக்கு முன்னால் மின்னல் மாதிரி வந்து பிறகு தலையிடிக்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், பிரஷர் கூடியவர்கள், இரத்தம் கட்டிய வருத்தம் முன்பு வந்தவர்கள், புகைப்பவர்கள் எல்லாரும் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்துப் புள்ளி 14இலிருந்து 11. எனக்குப் போதவில்லை. அப்போதுதான் ஸ்பைரோனோலக்டோன் சேர்த்தார், 50 மில்லிகிராமில் தொடங்கி 100 வரை. பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தால் இதய வருத்தம், பிரஷர், உடம்பில் நீர் தேங்குதல் என்று இருக்கிறது. முடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிழையான மருந்து தந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. அது பழைய பிரஷர் மருந்துதான். ஆனால் ஆண் ஹோர்மோன் முடி வேரில் வேலை செய்யவிடாமல் தடுக்கிற குணமும் அதற்கு உண்டு. முதல் சில கிழமை அடிக்கடி சலம் போகும், சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது என்பதால் இரத்தம் பார்த்தார்கள். நான் தினமும் இளநீர் குடிக்கிறவள் என்று சொன்னதும், இளநீரிலும் பொட்டாசியம் கூட, எப்போதாவது குடியுங்கள் போதும் என்றார்.

இந்த மருந்தில் ஒன்றை மறக்கக் கூடாது. குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தையாக இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால்தான் கர்ப்பத்தடைக் குளிசையோடு சேர்த்துத் தருகிறார்கள்.

மருந்து வேலை செய்யும் வரை நிற்கிற முடிக்கு என்ன செய்வது? இங்கேதான் நான் சாவணத்தைத் தூக்கி எறிந்தேன். டொக்டர் சொன்னது ரேசர். எனக்கு நம்பவே முடியவில்லை. சவரம் செய்தால் இரண்டு மடங்கு மொத்தமாக வரும் என்றுதானே எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்? அப்படி இல்லை. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, பிளேட் அதைத் தொடுவதே இல்லை. கூரான நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்பதால் தடவும்போது சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் முகம் கழுவி, கொஞ்சம் நுரை பூசி, முடி வளர்கிற பக்கமாகவே, புது பிளேட்டால் மெதுவாக. எனக்கு 5 நிமிடம். நாலரைக்கு எழும்ப வேண்டிய தேவை போயிற்று. நாடிக் குழிகள் ஆற ஒரு வருடம் எடுத்தது. நூல் பிடிப்பதும் வக்ஸும் சிலருக்கு ஒத்துவரும். எங்கள் நிறத்துத் தோலில் சின்னப் புண் வந்தாலும் கறுத்துப்போகும் என்பதால் நான் முகத்துக்கு அவற்றை விட்டுவிட்டேன்.

லேசர் என் இரண்டாவது பெரிய பிழை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஓர் அழகு நிலையத்தில் போய் இருந்தேன். என்ன லேசர் என்று நானும் கேட்கவில்லை, என்ன மருந்து குடிக்கிறேன் என்று அவர்களும் கேட்கவில்லை. அன்றிரவே நாடி எரிந்தது. கொப்புளம் வந்து, எட்டு மாதம் நாணயம் நாணயமாகக் கறுப்பு அடையாளம். லேசர் ஒளி கறுப்பு நிறத்தைத் தேடித்தான் போகும். வெள்ளைத் தோலில் முடி மட்டும் கறுப்பு. எங்கள் தோலில் தோலும் கறுப்பு, ஆகவே தவறான கருவியும் தவறான அளவும் தோலையே சுட்டுவிடும். பிறகு கொழும்பில் ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் போனேன். அவர் பாவித்தது என்.டி. யாக் என்கிற 1064 நனோமீற்றர் லேசர். அது ஆழமாகப் போகிறது, மேல்தோலின் நிறத்தில் குறைவாகவே சிக்குகிறது, அதனால் கறுத்த தோலுக்குப் பாதுகாப்புக் கூட. முதலில் காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். ஐந்து ஆறு கிழமைக்கு ஒருமுறை என்று எட்டுத் தரம் இரவு ரெயினில் போய் வந்தேன். போக முதல் நான்கு கிழமை பிடுங்கவோ நூல் பிடிக்கவோ கூடாது, வேர் இருக்க வேண்டும், சவரம் செய்யலாம். ஒருமுறை கோணேசர் கோயில் திருவிழாவுக்கு நாலைந்து நாள் வெயிலில் நின்றுவிட்டுப் போனேன். முகம் கறுத்திருக்கிறது, இன்றைக்குச் செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் வந்தது. இப்போது அந்த மனிதருக்கு நன்றி சொல்கிறேன்.

கன்னத்துப் பூனைமயிரையும் செய்யச் சொல்லிக் கேட்டேன். மறுத்தார். மெல்லிய முடியில் லேசர் பட்டால் சிலருக்கு, அதுவும் எங்களைப் போல ஹோர்மோன் பிரச்சினை உள்ளவர்களுக்கு, அது தூண்டப்பட்டுத் தடித்து வரலாம் என்றார். நரைத்த முடிக்கும் லேசர் சரிவராது. அதற்கு ஒவ்வொரு வேராக ஊசியால் மின்சாரம் பாய்ச்சுகிற எலக்ட்ரொலிசிஸ் இருக்கிறது. நேரமும் பொறுமையும் கூட வேண்டும். எஃப்ளோர்னிதின் கிறீம் ஒன்று இருக்கிறது, முகத்துக்கு மட்டும். பூசத் தொடங்கி எட்டுக் கிழமையில் வளர்ச்சி மெதுவாகும், விட்டால் பழையபடி வரும்.

மெலிந்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் நிறைய. நான் 6 கிலோ குறைத்தேன். பாணையும் சீனித் தேத்தண்ணியையும் குறைத்து, குரக்கனும் கௌப்பியும் கூட்டி, பின்னேரங்களில் டச்சு வளைகுடாக் கரையில் நடந்தேன். மாதசுகத்துக்கும் சுகருக்கும் அது உண்மையாகவே உதவியது. முடியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெட்போமின் என்கிற சுகர் குளிசையும் அப்படித்தான், சுகருக்கு நல்லது, முடிக்குக் குறைவு. மெலிந்த பெண்களுக்கும் இந்த வருத்தம் வருகிறது. ஆகவே ஒரு பெண்ணின் நாடியைப் பார்த்துவிட்டு அவளின் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்காதீர்கள். புதினாத் தேத்தண்ணி பற்றியும் கேட்பார்கள். குடியுங்கள், கெடுதல் இல்லை. மருந்துக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

ஆனால் இது எல்லாம் பருவ வயதிலிருந்து மெதுமெதுவாக வருகிற முடிக்கு. சில மாதத்துக்குள் வேகமாக முடி கூடினால், குரல் தடித்தால், ஆண்களைப் போலத் தலையில் வழுக்கை விழுந்தால் அது வேறு. சூலகத்திலோ சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

30 வயதில் கலியாணம். பேசி வந்த கலியாணம்தான். எழுத்துக்கு முதலே அவரிடம், "எனக்கு முகத்தில் முடி வளரும், சவரம் செய்கிறேன், மருந்து குடிக்கிறேன்" என்று சொன்னேன். சொல்வதற்கு ஒரு கிழமை ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மருந்து எங்கே எடுக்கிறது? நானும் வரலாமா?" என்று கேட்டார். குழந்தைக்கு முயற்சி செய்ய முதல் டொக்டர் சொன்னபடி ஸ்பைரோனோலக்டோனை நிறுத்தினோம். முடி கொஞ்சம் திரும்பி வந்தது. மகனுக்கு இப்போது நாலு வயது. இப்போது 36 வயதில் என் புள்ளி 5. கிழமைக்கு இரண்டு தரம் ரேசர்.

சரி, அக்காவின் மகள். வருடப்பிறப்பு முடிந்த அடுத்த மாதம் அக்காவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். அவள் பெரிசாகி ஐந்து வருடம்தான் ஆகிறது. இந்த வயதில் ஸ்கானில் தெரிவதை வைத்து முடிவெடுப்பதில்லை, இயல்பாகவே பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் தெரியும் என்றார்கள். முடியையும், மாதசுகத் திகதிகளையும், இரத்த அறிக்கையையும் பார்த்து மருந்து தொடங்கினார்கள். பஸ்ஸில் வரும்போது நாட்காட்டியில் ஆறாம் மாதத்தைத் தேடி நானே வட்டம் போட்டுக் கொடுத்தேன். கார்த்திகையில் வருகிறது.

மூன்றாம் மாதம் போன் எடுத்தாள். "சித்தி, ஒன்றும் மாறேல்லை." குரல் உடைந்திருந்தது. தாத்தாவின் வயல் கதையைத் திரும்பவும் சொன்னேன். "தெரியும், தெரியும்" என்றாள், அழுதுகொண்டே. நிறுத்தவில்லை.

போன ஞாயிறு திரும்பவும் எடுத்தாள். அக்கா பக்கத்தில் சமைக்கிற சத்தம் கேட்டது. ஒளிக்காமல், சத்தமாகவே கேட்டாள்: "சித்தி, இங்கே வரும்போது டவுனிலிருந்து ரேசர் ஒரு பக்கெற் வாங்கிக்கொண்டு வாங்கோ. அம்மா வாங்கினது நல்லா இல்லை."